கையெழுத்துப் போடுவதற்கு முன்

"கையெழுத்தைப் போட்டுவிடு, மற்றதை வீட்டோடு பேசிக்கொள்ளலாம்."

சென்ற வாரம் என் சித்தப்பா மகள் தொலைபேசியில் அழைத்து, மாமனார் வீட்டில் இப்படிச் சொல்கிறார்கள் அண்ணா, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள். கணவனும் மனைவியும் சேர்ந்து விவாகரத்துக் கேட்கும் மனு அது. அதன் நடுவே, வீட்டிலோ சேமிப்பிலோ தனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அவள் சொல்வதாக ஒரு வரி. பதினோரு ஆண்டுக் குடித்தனம், இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் ஒரே வரி. வழக்கு என்று போனால் குடும்ப மானம் போய்விடுமாம்.

இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் இதே பேச்சைப் பேசியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா கோலாலம்பூரின் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். சிறுகச் சிறுகக் கடனை அடைத்து ஒரு வீட்டைச் சொந்தமாக்கினார். உயில் எழுதவில்லை. கருமாதி முடிந்த மறுவாரம் பெரியப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அண்ணனும் நானும் எதிரில். அம்மா சமையலறை வாசலில் நின்றார். கிள்ளானில் வாக்கப்பட்ட அக்கா, தேநீர்த் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "பெண்ணுக்குத்தான் நகை போட்டு அனுப்பியாயிற்றே, வீடு பையன்களுக்கு" என்றார் பெரியப்பா. பேசி முடித்த பிறகு அக்காவைப் பார்த்து, "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டார். அக்கா தட்டிலிருந்த கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

அதன் பிறகு மூன்று தீபாவளிக்கு அக்கா வீட்டுப் பக்கம் வரவில்லை. அண்ணன் வீட்டை விற்கக் கிளம்பியபோதுதான் கிராண்டில், அதாவது நிலப் பத்திரத்தில், இன்னும் அப்பா பெயரே இருப்பதும், வாரிசுகள் எல்லோரும் வராமல் ஒன்றும் நடக்காது என்பதும் தெரிந்தது. அக்காவிடமிருந்து வழக்கறிஞர் கடிதம் வந்தது. அண்ணனும் பதிலுக்கு ஒரு வழக்கறிஞரைப் பிடித்தார். அம்மா இரண்டு பேரோடும் தனித்தனியாகத் தொலைபேசியில் பேசி, தனித்தனியாக அழுதார்.

உயில் இல்லாமல் நிலமோ வீடோ விட்டுச் சென்றவரின் சொத்து, மொத்த மதிப்பு வரம்புக்குள் இருந்தால் உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. நில இலாகாவின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவிலேயே விசாரணை நடக்கும். எங்கள் காலத்தில் அந்த வரம்பு 20 லட்சம் ரிங்கிட். 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம். இத்தனை எளிய வழி இருப்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கடைசியில் நாங்களும் அங்கேதான் போய்ச் சேர்ந்தோம். விசாரணை அறையில் ஒரு மேசை, ஓர் அதிகாரி, நாங்கள் நால்வர். அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் கிடையாது. வீட்டை ஒன்பது கூறாக்கினால் அம்மாவுக்கு மூன்று, எங்களுக்கு ஆளுக்கு இரண்டு. பிறகு அக்காவைப் பார்த்து மலாயில் நிதானமாகக் கேட்டார்: உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறீர்களா? யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?

"இல்லை, துவான். எனக்கு என் பங்கு வேண்டும்."

அக்கா அதை உரக்கச் சொல்லி அன்றுதான் கேட்டேன். அடுத்து அந்த அதிகாரி அம்மாவிடம், நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டார். மூன்று ஆண்டுகளாக அந்த வீட்டுக்காக அடித்துக்கொண்ட நாங்கள் யாரும் அம்மாவிடம் அதைக் கேட்கவில்லை.

விசாரணையைத் தள்ளிவைத்து, பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். கீழே ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். அம்மா இருக்கும்வரை வீட்டை விற்பதில்லை, அக்காவின் பங்குக்கான பணத்தை அண்ணன் நான்கு ஆண்டுத் தவணையில் கொடுப்பது என்று முடிவாயிற்று. அடுத்த விசாரணையில் அது உத்தரவாகப் பதிவானது. இதுவும் பேசித் தீர்த்ததுதான். ஆனால் அவரவர் பங்கு இன்னதென்று முதலில் தெரிந்தது. கேட்டவர் எங்கள் உறவுக்காரர் இல்லை. முடிவு எழுத்தில் நின்றது. பெரியப்பாவின் கூடத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. நாம் "பேசி முடித்துவிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் பல விவகாரங்களில், ஒருவர் பேச மற்றவர் நின்று கேட்டதுதான் நடந்திருக்கிறது.

தங்கைக்கும் இதையே சொன்னேன். முஸ்லிம் அல்லாதவர்களின் மணமுறிவுக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டு மனுவுக்கு இடம் தருகிறது. அதுதான் சச்சரவு குறைந்த வழி, அதை நான் வரவேற்கிறேன். ஆனால் இருவரும் மனமார ஒப்புக்கொண்டார்களா, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தக்க ஏற்பாடு இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. வீட்டைக் கவனித்து, பிள்ளைகளை வளர்த்த உழைப்பையும் சொத்துப் பிரிப்பில் கணக்கில் எடுப்பார்கள். அந்த ஒற்றை வரியை எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

ஒருவர் மட்டும் விலக விரும்பினால் பொதுவாகத் தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்கு முதலில் போக வேண்டும். அங்கே குழுவின் அனுமதி இல்லாமல் வழக்கறிஞர் வாதாட முடியாது. பெரும்பாலும் கணவனும் மனைவியும் தங்கள் வாயாலேயே பேசுவார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. வழக்குத் தொடங்கிய பிறகும் கதவு மூடிவிடுவதில்லை. கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் 2011 முதல் சமரச மையம் இயங்குகிறது, அதற்குக் கட்டணம் கிடையாது.

அடி விழும் வீட்டுக்கு இது எதுவும் பொருந்தாது. அடித்தவனுக்கு எதிரில் ஒரு பெண்ணை உட்காரவைத்து விட்டுக்கொடுக்கச் சொல்வதைச் சமரசம் என்று நான் ஏற்கமாட்டேன். அங்கே முதல் வேலை போலீஸ் புகார். 2018 முதல் சமூகநல இலாகா அதிகாரியே ஏழு நாளுக்கான அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். 15999 என்ற அரசாங்க உதவித் தொலைபேசி எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் பொறுத்துப்போ" என்று சொல்லும் பெரியவர்களே, தயவுசெய்து அந்த வீட்டு விஷயத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள்.

தங்கை இன்னும் கையெழுத்துப் போடவில்லை. புதன்கிழமை அவளோடு நான் வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன். அந்த வரியை எடுத்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புச் செலவிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அவள் விருப்பம்.

அண்ணன் இந்த ஜனவரியில் கடைசித் தவணையைக் கொடுத்தார். வங்கி வழியாக அனுப்பியிருக்கலாம். அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு நேரில் போனார். அக்கா சாப்பிடாமல் அனுப்பவில்லை.