செல்லோவுக்கு நாலு தந்தியும் இருந்தது

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் போர்க்கைதியாக இருந்தபோது நால்வர் வாசிக்க எழுதிய 'காலத்தின் முடிவுக்கான குவார்டெட்' பற்றி யார் எழுதினாலும் அதே கதைதான். முதல் கச்சேரி நடந்த 1941 ஜனவரி 15, கெர்லிட்ஸ் நகரில் ஜெர்மானியர்களின் போர்க்கைதி முகாம், எலும்பை ஊடுருவும் குளிர், ஐயாயிரம் கைதிகள், மூன்று தந்தி மட்டும் மிச்சமிருந்த செல்லோ என்ற பெரிய வயலின். இதைப் பரப்பியது வேறு யாருமில்லை, மெசியானேதான். அன்று செல்லோ வாசித்த எத்தியேன் பாஸ்கியேவோ, நாலு தந்தியும் இருந்ததென்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார், ஒருவரும் காதில் வாங்கவில்லை. கச்சேரி நடந்தது நாடகம் போடும் ஒரு கொட்டகையில், அதில் ஐயாயிரம் பேர் எங்கே உட்காருவது? சில நூறு பேர் இருந்திருப்பார்கள்.

எனக்கு ஆறாதது என்னவென்றால், நடந்ததே இதைவிட நல்ல கதை. அந்தச் செல்லோ, கைதிகள் தங்களுக்குள் காசு சேர்த்துக் கொடுக்க, காவலோடு ஊருக்குள் போய்க் கடையில் வாங்கியது. கிளாரினெட் என்ற குழல் வாசித்த ஆன்ரி அகோகா, அல்ஜீரியாவில் பிறந்த யூதர். அவர் தனியாக வாசிக்கும் மூன்றாம் பகுதியை மெசியான் முகாமுக்கு வருமுன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். பிடிபட்டு பிரான்சில் நான்சி நகரின் பக்கம் ஒரு வெட்டவெளியில் கிடந்தபோது பாஸ்கியே தாளைப் பிடித்துக்கொண்டு நிற்க, இதையெல்லாம் மனுஷன் வாசிக்க முடியுமா என்று அகோகா முணுமுணுத்துக்கொண்டே வாசித்துப் பார்த்தாராம். பிற்பாடு அகோகா ஓடும் ரயிலிலிருந்து குதித்துத் தப்பினார், கிளாரினெட்டையும் விடாமல்.

ஐந்தாம் பகுதியைக் கேட்டு அழாதவர்கள் குறைவு, நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த மெட்டு முகாமில் பிறந்ததில்லை! 1937 பாரிஸ் கண்காட்சியில், சேன் நதியில் நீரூற்று வேடிக்கைக்காக ஓந்த் மார்த்தனோ என்ற மின்னணு வாத்தியம் ஆறுக்கு எழுதியதை மெசியான் நினைவிலிருந்து எடுத்துச் செல்லோவுக்குக் கொடுத்திருக்கிறார். எட்டாம் பகுதியும் ஆர்கன் என்ற தேவாலய வாத்தியத்துக்கு எழுதிய பழைய படைப்பு ஒன்றிலிருந்து வந்ததுதான். இது தெரிந்ததும் சிலருக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது, எனக்கு ஆகவில்லை. கையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் மனிதன் தனக்குத் தெரிந்ததைத்தானே எடுப்பான்.

சரி, நம் ஆட்கள் ஒட்டும் ஜிகினாவுக்கு வருகிறேன். 'நம்ம தாளத்தை வைத்து வெள்ளைக்காரன் இசையமைத்தான்.' அரை உண்மை. 13ஆம் நூற்றாண்டு இசை அறிஞர் சார்ங்கதேவர் தொகுத்த 120 தேசி தாளங்களை மெசியான் ஒரு பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் பார்த்தார். கச்சேரியில் உட்கார்ந்து கேட்டதல்ல, தாளில் பார்த்த அளவுகள். முதல் பகுதியில் பியானோவுக்கு ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்ற மூன்று தாளங்களையும் கோத்து 17 கால அளவு, அதன்மேல் 29 கார்டுகள், அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கொத்துகள். இரண்டும் பகா எண்கள், 493 கார்டு தாண்டினால்தான் ஒன்றாக மறுபடி தொடங்கும். அதற்குள் பகுதியே முடிந்துவிடுகிறது, மொத்தமே மூன்று நிமிடத்துக்குள். தொடையில் தட்டிப் பாருங்கள், சமத்துக்கு, அதாவது தாளம் தொடங்கும் இடத்துக்கு, வரவே வராது. அவருக்கு வேண்டியதும் அதுதான், காலம் வட்டமடிக்காமல் தொங்க வேண்டும். நாம் தாளம் என்று சொல்வதற்கு நேர் எதிர்.

இதையெல்லாம் பகிர்கிறவர்கள் கார்ல் ஆல்பர்ட் ப்ரூலை மட்டும் விட்டுவிடுகிறார்கள். முகாமின் ஜெர்மானியக் காவல்காரர், மெசியானுக்குத் தாளும் பென்சிலும் கொடுத்தவர், ஊர் திரும்பப் போலிக் காகிதம் தயாரிக்கவும் உதவியவர். போருக்குப் பல வருடம் கழித்து அவர் பாரிஸுக்கு வந்து மெசியான் வீட்டு வாசலில் நின்றபோது, பார்க்க விருப்பமில்லை என்ற பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டார். மெசியானோ, பறவைகளின் குரலைக் காட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுதிய, பாரிஸின் திரினித்தே தேவாலயத்தில் அறுபது வருடம் ஆர்கன் வாசித்த பக்திமான்.

இதைப் படித்த பிறகு சில வாரம் அந்த இசைப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு ராத்திரி போட்டேன், ஐந்தாம் பகுதியிலிருந்து.