திங்கட்கிழமை காலையில் ஊஞ்சல் கொக்கியைப் பார்ப்பது யார்?

மாநகராட்சியில் பூங்காத் துறைக்குப் பொறுப்பான அதிகாரியின் வாரம் எதில் கரைகிறது? மன்றக் கூட்டத்துக்கான பதில்கள், கவுன்சிலர்களின் மனுக்கள், 1913 என்ற புகார் எண்ணுக்கு வந்த புகார்கள், காண்ட்ராக்டர் பில், அடுத்த திறப்பு விழாவுக்கான ஏற்பாடு. சென்னையில் 200 வார்டுகள், 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள். வேலை நாள் தவறாமல் மூன்று பூங்காவைப் பார்த்தாலும், முதல் பூங்காவுக்குத் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிவிடும். அதனால்தான் சொல்கிறேன்: அந்த வாரத்தில் யாரும் கை வைக்க முடியாத நேரமாகத் திங்கட்கிழமை காலை இருக்க வேண்டும். எல்லா வார்டு உதவிப் பொறியாளர்களும் (ஏ.இ.) அன்று காலை பூங்காவில் நிற்க வேண்டும், பத்து மணிக்குள் அறிக்கை மேலே போக வேண்டும். ஏன் திங்கள்? வாரத்திலேயே அதிகக் கூட்டம் ஞாயிறு மாலையில்தான். எது உடையுமோ அது அன்றுதான் உடையும்.

என்ன பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். "விளையாட்டு உபகரணங்கள் நல்ல நிலையில் உள்ளன" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவது சோதனை ஆகாது.

ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். அதில் முதலில் தேய்வது, மேலே குறுக்குக் குழாயில் சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கியும் அதன் முதல் வளையமும். இரும்போடு இரும்பு உரசுவது வளையத்தின் உள்பக்கத்தில். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஏணி போட்டு ஏறி, சங்கிலியைத் தூக்கிப் பிடித்து, பாரம் இறங்கிய பிறகு உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கம்பியின் தடிமனில் கால் பங்கு தேய்ந்திருந்தாலே மாற்றிவிட வேண்டும் என்பது என் கருத்து. 'எஸ்' வடிவக் கொக்கியாக இருந்தால் அதன் வாயில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையக் கூடாது. நுழைந்தால் வாய் திறந்துகொண்டு வருகிறது என்று பொருள். ஊஞ்சல் கிரீச்சிட்டால் பேரிங் காய்ந்திருக்கிறது. அப்படியே விட்டால் பேரிங் இறுகி, சுற்ற வேண்டியது சுற்றாமல் போல்ட் சுற்றும், குழாயிலுள்ள துளை நீள்வட்டமாகும். ஒரு கரண்டி கிரீஸில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்குக் குழாயையே மாற்ற வேண்டி வரும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இதெல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும் என்றே எடுத்துக்கொள்ளலாம். உப்புக் காற்று வெல்டிங் மூட்டுகளைத்தான் முதலில் பிடிக்கும். விழாவுக்காகப் புதுப் பெயிண்ட் அடித்த வாரத்தில் வெல்டிங் விரிசல் கண்ணுக்குப் படவே படாது. எனவே பெயிண்டருக்கு முன்னால் சோதனை செய்பவர் போக வேண்டும். அவர் கையெழுத்து இல்லாமல் பெயிண்ட் பில் பாஸ் ஆகக் கூடாது.

ஏறி விளையாடும் சட்டங்களிலும் மேடைக் கைப்பிடிகளிலும் ஒரு டேப்பை வைத்து இடைவெளியை அளக்க வேண்டும். சுமார் 9 செ.மீ.க்கு மேல், 23 செ.மீ.க்குக் கீழ் இருக்கும் இடைவெளிகள் ஆபத்தானவை. குழந்தையின் உடம்பு கால் வழியாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். உள்ளூர் பட்டறையில் கண் அளவில் அடித்த சட்டங்களில் இந்த அளவு அடிக்கடி வந்துவிடுகிறது. ஃபைபர் சறுக்குமரத்தில் விளிம்பு பிளந்தால் கண்ணாடி இழை வெளியே வந்து தொடையைக் கிழிக்கும், டேப் ஒட்டுவது தீர்வே இல்லை. இரும்புச் சறுக்குமரம் மேற்கு பார்த்து இருந்தால் மாலை நாலு மணிக்குத் தோலைச் சுடும். வைக்கும்போதே வடக்கு பார்த்து, மர நிழலில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது மணல். அடிபடுவதில் பெரும்பகுதி கீழே விழுவதால்தான். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் 30 செ.மீ. ஆழத்துக்கு உதிரி மணல் வேண்டும். ஓர் அடி ஸ்கேலைக் குத்தினால் தடையில்லாமல் முழுசாக இறங்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? ஆற்று மணல் விலை அதிகம் என்று, கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் கொட்டுகிறார்கள். எம்-சாண்டின் துகள்கள் கூர்முனையுள்ளவை, தூளும் கலந்திருக்கும். ஒரு மழை பெய்து காய்ந்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு தரை மாதிரி இறுகிவிடும். கட்டடத்துக்கு எது நல்ல குணமோ, அதுவே இங்கே மண்டையை உடைக்கும். சலித்த, உருண்டைத் துகள் மணல்தான் வேண்டும். அதையும் திங்கள்தோறும் வாரியால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும், ஏனென்றால் ஊஞ்சலுக்கு நேர் கீழேயும் சறுக்கு முடியும் இடத்திலும் குழந்தைகளின் கால் பட்டு மணல் விலகி, விழும் இடத்திலேயே ஆழம் குறைந்திருக்கும். கான்கிரீட் மேல் ஓர் அங்குல ரப்பர் ஓடு ஒட்டிவிட்டு "பாதுகாப்பான தரை" என்று சொல்வதை ஏற்கவே முடியாது. ஆறடி உயர மேடைக்கு அது எந்த மூலைக்கும் போதாது.

சரி, கொக்கி தேய்ந்தது தெரிந்துவிட்டது. ஏன் மூன்று மாதமாக ஊஞ்சலைக் கயிற்றால் மேலே கட்டி வைத்திருக்கிறார்கள்? பலரும் அலட்சியம் என்று திட்டுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒப்பந்த வாசகத்தில் இருக்கிறது. பராமரிப்பு டெண்டரில் கூட்டுவது, தண்ணீர் விடுவது, புல் வெட்டுவது, காவல் எல்லாம் இருக்கும். உதிரி பாகம் மாற்றுவது இருக்காது. ஆகவே சில நூறு ரூபாய் கொக்கிக்குத் தனி எஸ்டிமேட், தனி அனுமதி, தனி கொட்டேஷன். போதாக்குறைக்கு ஒரு பூங்காவில் கவுன்சிலர் நிதியில் வாங்கியது ஒரு கம்பெனி, எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் வந்தது இன்னொன்று, தனியார் நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்தது மூன்றாவது. ஒன்றின் பேரிங் மற்றதில் பொருந்தாது.

இதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. உதிரி பாகங்களுக்கு ஆண்டு முழுமைக்கும் ஒரே விலை ஒப்பந்தம் போட்டு, மண்டலத்துக்கு ஒரு ஸ்டோரில் சங்கிலி, கொக்கி, பேரிங், இருக்கை, டோம் நட்டு ஆகியவற்றை இருப்பு வைக்கலாம். யார் நிதி கொடுத்தாலும் அளவுகள் மாநகராட்சி சொன்னபடிதான் என்று விதி போடலாம். திங்கள் கண்டதைப் புதன் மாற்றிவிட முடியும்.

அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஓட்டை, ஆள் கணக்கு. குறைந்த விலைக்கு எடுத்தவர் சட்டப்படியான கூலியைக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஒரே தோட்டக்காரர் மூன்று பூங்காவின் வருகைப் பதிவேட்டில் இருப்பார். பில்லோடு பெயர்வாரியாகப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய ரசீதைக் கேட்டு, பூங்காப் பட்டியலோடு ஒப்பிட்டால் ஒரே மணி நேரத்தில் தெரிந்துவிடும். அதே சமயம் பில்லை மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். மேலே பில் தாமதமானால் கீழே கூலி தாமதமாகும், ஆள் நின்றுவிடுவார், செடி காயும்.

புல்வெளி மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொரியன் புல்லுக்கு வெயில் காலத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். அரை ஏக்கர் என்றால் 2,000 சதுர மீட்டர், தினமும் 10,000 லிட்டர். ஒரு லாரித் தண்ணீர்! அதுவும் "புல்வெளியில் கால் வைக்காதீர்" என்று பலகை மாட்டிய புல்லுக்கு. அங்கே அருகம்புல் விட்டுவிட்டு, மிச்சமாகும் தண்ணீரில் புங்கனும் வேம்பும் மகிழமும் வளர்த்தால் பகலில் உட்கார நிழலாவது கிடைக்கும்.

மரக்கிளை வெட்டுவதற்கும் (கவாத்து) காலமும் முறையும் உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் கவாத்து முடிய வேண்டும். பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பட்டை கிழிந்து அடிமரம் வரை உரியும். தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து கால் பங்கு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து வெட்டிப் பாரத்தை இறக்குவது, கடைசியாகக் கிளையின் அடியிலுள்ள புடைப்பை ஒட்டி, அதைக் காயப்படுத்தாமல் மூன்றாவது வெட்டு. உச்சியை மொட்டையடிப்பதைக் கவாத்து என்று சொல்லக் கூடாது. அப்படித் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் இருக்காது, அடுத்த புயலில் அவைதான் முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தபோது சென்னை மரங்களை இழந்த விதம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இன்றும் பேவர் பிளாக்கை அடிமரம் வரை கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் விடுங்கள், வேர் மூச்சுவிடட்டும்.

விளையாட்டுத் திடல்களைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2024 அக்டோபரில் 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கச் சென்னை மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிட்டது. கைவிட்டது சரி. வடசென்னைப் பையன்கள் பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய்க்கு எங்கே போவார்கள்? ஆனால் கட்டணம் வேண்டாம் என்றால் அந்தப் பராமரிப்புச் செலவு பட்ஜெட்டில் தனித் தலைப்பாக இருக்க வேண்டும். செயற்கைப் புல்லை அடிக்கடி பிரஷ் போட்டு ரப்பர் துகளைப் பரப்ப வேண்டும், தையல் விட்ட இடத்தை உடனே ஒட்ட வேண்டும். விட்டால் கால் மாட்டி முழங்கால் திரும்பும்.

உயிருக்கு உலை வைப்பது மின்விளக்குக் கம்பம். கம்பத்தின் அடியில் குழந்தையின் கை எட்டும் உயரத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், உள்ளே ஒயர் இணைப்பு. மூடி திருட்டுப் போனதும் டேப் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். மழையில் அந்த டேப் ஒன்றுக்கும் உதவாது. செப்டம்பர் முடிவதற்குள் ஒவ்வொரு கம்பத்துக்கும் எர்த் சோதனை, கேபிளின் காப்புறை பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் மெகர் சோதனை, மீட்டர் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் கட்டாயம். ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை பைபாஸ் செய்து விளக்கை எரியவிடும் வழக்கம் உண்டு. அது விழுகிறதென்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் பூங்கா இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

புகார் கொடுப்பவர்களுக்கு: "பூங்கா மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று மூடிவிடுவார்கள். "கிழக்கு வாசலிலிருந்து இரண்டாவது கம்பம், மூடி இல்லை, ஒயர் வெளியே தெரிகிறது" என்று எழுதி, மூடி இருந்த இடத்தையும் கம்பத்தின் எண்ணையும் ஒரே படத்தில் எடுத்து அனுப்புங்கள். அந்தப் புகாரைச் சரிசெய்யாமல் மூடுவது கடினம்.