அடாப்டர் பின்னின் நடுவில் மைனஸா பிளஸா, அதைப் பெரிதாகப் போட்டால் என்ன?

கோத்தகிரியில் இருந்துகொண்டு கிட்டார் பெடல் (காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி) வைத்திருப்பவனுக்குத்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும். சனிக்கிழமை சாயங்காலம். விடிந்தால் சர்ச்சில் வாசிக்கணும். வாசித்ததை எதிரொலி மாதிரி திருப்பித் தரும் என் டிலே பெடலின் அடாப்டர் ஒயர் கழுத்தில் அறுந்துபோனது. கடைக்கு ஓடினேன். "ஒன்பது வோல்ட்டுதானே தம்பி, எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒன்றை எடுத்து நீட்டினார். வீட்டில் மாட்டினால் விளக்கே எரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை.

எல்லாம் ஒண்ணு இல்லைங்க! கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். கடையில் தொங்குகிற மற்ற அடாப்டர்கள் பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். ஆனால் பின் மட்டும் அளவெடுத்த மாதிரி உள்ளே போய்விடும். எது எப்படி என்று காட்ட ஒரு படம் இருக்கிறது: நடுவில் புள்ளி, சுற்றிப் பிறை மாதிரி ஒரு வளைவு, இந்தப் பக்கம் பிளஸ், அந்தப் பக்கம் மைனஸ். கறுப்பு பிளாஸ்டிக்கில் கறுப்பாகவே, அரை அரிசி அளவுக்கு! டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணில் படுகிறது. பெடலையே காவு வாங்குகிற விஷயத்தை இப்படியா ஒளித்து வைப்பது?

சர்வீஸுக்குக் கோயம்புத்தூர்தான். மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, ஒரு நாள் லீவு போச்சு. திறந்து பார்த்தால், கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இருந்த பாதுகாப்பு டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) ஷார்ட்டாகிக் கிடக்கிறது. சில ரூபாய்ச் சாமான். அது குறுக்கே நிற்காமல் இருந்திருந்தால் பெடலின் ஐசி சிப்பே போயிருக்கும்.

அதோடு முடிந்ததா? அடுத்து வாங்கிய அடாப்டரில் நடுவில் மைனஸ் சரியாகவே இருந்தது. ஆனால் ஆம்ப்பில் 'ங்ங்ங்' என்று ஓயாத இரைச்சல். ஒயரை மாத்து, கிட்டாரில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைப் பாரு, பனியில் ஜாக் பூத்திருக்கும் என்று ஆளுக்கொரு வைத்தியம். எல்லாம் செய்தேன். கடைசியில் அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பேட்டரி போட்டேன். கப்சிப்! அந்த அடாப்டரை மட்டும் தனியாக அளந்தால் 13 வோல்ட் காட்டுகிறது. மேலே எழுதியிருப்பது 9. வோல்ட்டைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை. அப்புறம் இரைச்சல் வராமல் என்ன செய்யும்?

இனிமேல் மல்டிமீட்டரோடுதான் கடைக்குப் போவேன். சிவப்பு முனை பின்னின் ஓட்டைக்குள், கறுப்பு முனை வெளியே. மைனஸ் 9 காட்டினால்தான் காசு.