அம்மாவிடம் சர்நேம் கேட்டவர்களுக்கு

விமான நிலையத்தில் அம்மாவுக்கு நடந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு ஒரே வரியில்: கவுண்டரில் சர்நேம், அதாவது குடும்பப் பெயர், கேட்டார்கள், அம்மா பதில் சொல்லாமல் நின்றார். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் "இதெல்லாம் ஒரு பிரச்சினையா, எல்லோரையும் போல ஒரு சர்நேம் வைத்துக்கொண்டால் முடிந்தது" என்று சொன்னவர்கள்தான் அதிகம். மூன்று நாளாக அந்த ஒரு வரி மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அது எங்கள் குறை இல்லை. குறை, முதல் பெயர், சர்நேம் என்று பிரித்துக் கேட்கும் படிவத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான், இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

போன பதிவில் நான் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. கவுண்டரில் இருந்த பெண் "உங்க சர்நேம் சொல்லுங்க" என்று மூன்று முறை கேட்டும் அம்மா ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது. காது கேட்காமல் இல்லை, பயத்தாலும் இல்லை. அம்மாவின் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அம்மா தன் வாழ்நாளில் அப்பாவின் பெயரைச் சொன்னதே இல்லை.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ரேஷன் கடையில் "வீட்டுக்காரர் பேர் என்னம்மா" என்று கேட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார். "நீ சொல்லு." கணக்கெடுக்க வருகிறவர்களுக்கும் நான்தான், ஆஸ்பத்திரியிலும் நான்தான். அப்பாவுக்குச் சாமி பெயர். அதனால் அந்தச் சாமியின் பெயரையும் அம்மா சொல்ல மாட்டார், "மலைமேல இருக்கிற சாமி" என்பார். பதினாறு வயதில் இதற்காக அவரோடு பெரிய சண்டையே போட்டிருக்கிறேன். இது என்ன அடிமைத்தனம், பெயரைச் சொன்னால் ஆயுசு குறைந்துவிடுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறேன். அப்பா போய் ஆறு வருடமாகிறது. இன்னும் "அவங்க" தான். அவரைப் பொறுத்தவரை அது மரியாதையா, பழக்கமா, பாசமா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பிற்போக்கு என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் நானே அவரிடம் அதைச் சொல்லியாகிவிட்டது.

அந்த அம்மாவிடம், ஒரு வரிசையே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயரைத் தன் சொந்தப் பெயராகச் சத்தமாகச் சொல்லச் சொல்கிறது ஒரு கணினித் திரை. அந்தப் பெண் மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கு முன்னால் இரண்டு கட்டங்கள், இரண்டையும் சரிபார்த்தால்தான் அடுத்த பக்கம் வரும். கோபம் அந்தக் கட்டத்தின் மேல்.

எல்லா மனிதருக்கும் முன்னால் ஒரு பெயர், பின்னால் குடும்பம் முழுவதற்கும் பொதுவான ஒரு பெயர் என்று யார் முடிவு செய்தது? ஐஸ்லாந்தில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. நம்மைப் போலவே தந்தையின் பெயரையோ தாயின் பெயரையோதான் சேர்த்துக்கொள்கிறார்கள். தொலைபேசிப் புத்தகத்தைக்கூட முதல் பெயர் வரிசையில்தான் அச்சிட்டார்கள். இந்தோனேசியாவின் முதல் இரண்டு அதிபர்கள் சுகர்னோ, சுகார்த்தோ. இருவருக்கும் ஒற்றைப் பெயர்தான், நாட்டையே ஆண்டார்கள். பாஸ்போர்ட்டுகளுக்கு உலகம் முழுமைக்கும் விதி வகுக்கும் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு ஒன்று இருக்கிறது. அதன் 9303 என்ற ஆவணமே ஒற்றைப் பெயருக்கு இடம் கொடுக்கிறது. பெயரைப் பிரிக்க முடியாவிட்டால் முழுவதையும் ஒன்றாகவே எழுதிக்கொள்ளலாம். விதியில் இடம் இருக்கிறது, டிக்கெட் விற்கும் இணையதளத்தில்தான் இல்லை. சிவப்பு எழுத்தில் "இந்தக் கட்டத்தை நிரப்பவும்" என்று வருகிறது.

நிரப்பாமல் விட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்தாயிற்று. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைச் சர்நேமாக எடுத்துக்கொண்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சடிக்கிறார்கள். முதல் பெயர் தெரியாதவர் என்று அர்த்தம். என் தம்பிக்கு அப்படித்தான் வந்தது. தாத்தா மடியில் வைத்து அவன் காதில் மூன்று தடவை சொன்ன பெயர் அது. அது எப்படித் தெரியாத பெயராகும்? 2022 நவம்பரில் அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தபோது எத்தனை வீடுகளில் பயணம் நின்றது என்று நினைவிருக்கிறதா? பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று அப்புறம்தான் தளர்த்தினார்கள்.

சரி, அப்பா பெயரையே சர்நேமாகப் போட்டுவிட்டால் தீர்ந்ததா? என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். என் சர்நேம் என் அப்பாவின் பெயர். என் கணவரின் சர்நேம் அவருடைய அப்பாவின் பெயர். மகளின் சர்நேம் என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சர்நேம். கணவர் இல்லாமல் மகளோடு மட்டும் பயணம் போனால் "இது உங்க பொண்ணுதானா" என்று கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். பெற்ற பிள்ளையை என் பிள்ளை என்று காகிதம் காட்டி நிரூபிப்பது எப்படி இருக்கும் என்று, "இதெல்லாம் ஒரு பிரச்சினையா" என்றவர்கள் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

விசுவநாதன் ஆனந்தை உலகமே "விஷி" என்கிறது. அது அவர் அப்பாவின் பெயர், அவர் பெயர் ஆனந்த். 2009இல் வேதியியலுக்கு நோபல் வாங்கிய வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கோ வெங்கட்ராமன்தான் சொந்தப் பெயர், ராமகிருஷ்ணன் அப்பா. ஒருவருக்கு அப்பா முன்னால், ஒருவருக்குப் பின்னால். கட்டத்துக்கு இது எப்படிப் புரியும்? சதுரங்கத்தில் ஐந்து உலகப் பட்டம் வென்ற ஆனந்துக்கே இதுதான் நிலைமை என்றால் என் அம்மா எம்மாத்திரம்.

"சாதிப் பெயரை விட்டதால் வந்த வினை, வடக்கே எல்லோரும் போட்டுக்கொள்கிறார்களே" என்று ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பல பேர் தங்கள் பெயரின் வாலை வெட்டிப் போட்டார்கள். என் கொள்ளுத்தாத்தாவின் பத்திரங்களில் அந்த வால் இருக்கிறது, தாத்தாவின் கையெழுத்தில் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் தெரியாமல் தொலைத்த பெயர் இல்லை அது, தெரிந்தே விட்டது. ஒரு விமான டிக்கெட்டுக்காக அதைத் திரும்ப எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டுமா? மாட்டேன். இதில் என்னோடு யாரும் பேரம் பேச வேண்டாம்.

இன்னொரு தோழி கேட்டது வேறு. "அப்பா பெயர், கணவர் பெயர் என்றே சண்டை போடுகிறாயே, உன் அம்மாவின் பெயர் எங்கே?" நியாயமான கேள்வி. இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்த்து இரண்டு இனிஷியல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் போடவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. அதை இன்னொரு நாள் பேசுவோம், இன்றைக்கு முடியாது.

வம்சம் அழிந்துவிடும், குடும்பப் பெயர் இல்லாமல் முன்னோரை எப்படித் தேடுவாய் என்கிறார்கள். வம்சாவளி வரையும் செயலி ஒன்றில் நானும் உட்கார்ந்து பார்த்தேன், முதல் கேள்வியே சர்நேம்தான். மூடிவிட்டேன். நம் வழி வேறு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். ஒரு தலைமுறை விட்டுப் பெயர் திரும்பி வரும். அப்துல் கலாமின் பெயரை முழுதாகச் சொல்லிப் பாருங்கள். ஆவுல் கொள்ளுத்தாத்தா, பக்கீர் தாத்தா, ஜைனுலாப்தீன் அப்பா, அப்புறம்தான் அவர். அண்ணாவின் சி.என்.னில் காஞ்சிபுரமும் (ஆங்கிலத்தில் அன்று Conjeevaram) இருக்கிறது, அவர் அப்பா நடராசனும் இருக்கிறார். என் தம்பி எங்கள் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறான். அமெரிக்க விசாவில் அந்தப் பெயர்தான் இடம் மாறி உட்கார்ந்தது, அதற்குப் பக்கத்தில்தான் "தெரியாதவர்".

முழுப்பெயர் என்று ஒரே ஒரு கட்டம் வையுங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் வீட்டில் எழுதுகிற மாதிரி எழுதட்டும். நான் கேட்பது அவ்வளவுதான். "உலகத்தோடு ஒத்துப் போக வேண்டாமா" என்பவர்களே, ஐம்பது வருடமாக ஒத்துப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினோம். பிரிக்கச் சொன்னார்கள், பிரித்தோம். பெற்ற மகளுக்கு அத்தாட்சி கேட்டார்கள், காட்டினோம்.

அன்றைக்குக் கடைசியில் அந்தப் பெயரை நான்தான் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்ன மாதிரியே. அம்மா தலை நிமிரவில்லை. விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார், "அங்க போனதும் மறுபடி கேப்பாங்களா?" கேட்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் பேனா கேட்டார். டிக்கெட் உறையைக் கிழித்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினார். அம்மா அதை எழுதி அன்றுதான் பார்த்தேன். இறங்கியதும் அதிகாரி கேட்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டோடு அந்தத் துண்டையும் சேர்த்து நீட்டினார்.

அந்தத் துண்டு இன்னும் அம்மாவின் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. திரும்பி வரும்போதும் கேட்பார்களாம், பத்திரமாக இருக்கட்டும் என்கிறார்.