மைக்கைப் பிடுங்கிய தம்பிக்கு

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "கிட்னி மாத்தி ஆறு வருஷம் ஆச்சு, இன்னும் ராத்திரி தூக்கம் வரலைங்க" என்று அந்த அக்கா சொல்லி முடிக்கவில்லை, "பாசிட்டிவா பேசுங்கம்மா" என்று மைக்கை வாங்கிக்கொண்டார் தொகுப்பாளர். அதற்குக் கைதட்டல் வேறு.

மாற்றுக் கிட்னி கிடைத்த பிறகும் பயப்படுவது நன்றிகெட்டதனம் இல்லை தம்பி.

என் வீட்டுக்காரருக்கு நான்தான் கிட்னி கொடுத்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் கேமரா ஓட, "யாராவது வற்புறுத்தினாங்களாம்மா?" என்று தானத்துக்கு அனுமதி கொடுக்கும் குழுவினர் கேட்டார்கள். என் மனசில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டது அதுதான் கடைசி. அப்புறம் மாமியார் உட்பட எல்லாரும் "அவன் சாப்பிட்டானா?" என்றுதான் கேட்கிறார்கள்.

அவருக்குக் காலை ஒன்பது, இரவு ஒன்பது டாக்ரோலிமஸ், புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்காமல் இருக்கும் மாத்திரை. அதனால் கை நடுங்கி டீ சாஸரில் கொட்டும். முதல் வருஷம் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு டோஸ் அதிகம், முகம் வீங்கிவிட்டது. ஒருநாள் ரசத்தில் உப்பு இல்லையென்று தட்டு பறந்தது. "அது ஸ்டீராய்டு பண்ற வேலைம்மா" என்றார் டாக்டர். சரி, ஸ்டீராய்டுதான். தரையைத் துடைத்தது நான். போன மாதம் ரத்த டெஸ்டில், கிட்னி வேலை குறைந்தால் ஏறும் கிரியேட்டினின் 1.2-லிருந்து 1.5 ஆனது. மனுஷன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே துணி மடித்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. இதற்குப் பெயர் நன்றிகெட்டதனமா?

"இப்படிப் பேசினால் உறுப்பு தானத்துக்கு யார் முன்வருவார்கள்?" என்பீர்கள். நியாயமான கேள்விதான், நானும் யோசித்தேன். 2023-லிருந்து தமிழ்நாட்டில் இறந்தபின் உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. அதைப் பார்த்து அழாதவர் உண்டா? அந்த அக்காவுக்கும் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கிட்னிதான். பெயர்கூடத் தெரியாத ஒரு வீட்டுச் சாவில் தான் பிழைத்ததை நினைத்துத்தான் அவருக்குத் தூக்கம் போகிறது. இதைவிடப் பெரிய நன்றி என்ன வேண்டும் உங்களுக்கு?

"உசுரோட இருக்கீங்களே, போதாதா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கிரியேட்டினினுக்கு மாதாமாதம் டெஸ்ட் எழுதுகிறார்களே, "தூங்குறீங்களா?" என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டால் என்ன? கொடுத்தவளிடமும்தான். வயிற்றுத் தழும்பு மழைநாளில் இன்னும் இழுக்கிறது, அதையும் சொல்லக்கூடாது, பாசிட்டிவ் கெட்டுவிடும்!

ஒன்பது மணி அலாரம் அடிக்கிறது. மாத்திரை கொடுத்துவிட்டு வந்து பதில் போடுகிறேன். "பாசிட்டிவா இருங்க சிஸ்டர்" என்று மட்டும் யாராவது கமெண்ட் போட்டால், ப்ளாக்தான்.