ரயோலைட் காலியானதற்குத் தங்கம் மட்டும் காரணமில்லை
அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்து ரயோலைட் ஊர், தங்கம் தீர்ந்ததும் அழிந்துவிட்டது என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1904-இல் அந்தப் பக்கம் தங்கம் கிடைத்தது, அடுத்த வருடமே ஊர் முளைத்துவிட்டது, அப்புறம் மின்சாரம், ஓபரா அரங்கு, பங்குச் சந்தை என்று எல்லாம் வந்தன. இதெல்லாம் பெரும்பாலும் வெளியூர் முதலீட்டாளர்களை நம்பி எழுந்தவை. 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கம், 1907-இல் அமெரிக்க வங்கி நெருக்கடி. பணம் வரும் வழியே அடைபட்டது. பெரிய சுரங்கமான மாண்ட்கோமரி ஷோஷோனியை 1911-இல் மூடினார்கள், 1916-இல் மின்சாரமும் போனது.

அந்த ஊரின் குக் வங்கியின் மூன்று மாடிச் சுவர்களைப் படத்தில் காட்டியிருக்கிறீர்கள், சரி. ஆனால் அங்கே டாம் கெல்லி என்பவர் காலி பாட்டில்களால் கட்டிய வீட்டை எப்படி விட்டீர்கள்? சுற்றுவட்டாரத்தில் வீடு கட்ட மரம் கிடையாது, மதுக்கடைகளில் காலி பாட்டிலுக்கோ பஞ்சமே இல்லை. சுமார் 50,000 பாட்டில்களைப் படுக்கவைத்து அடுக்கி, இடையில் மண் குழைத்துப் பூசி, 1906-இல் வீட்டை முடித்திருக்கிறார். சுவரில் வட்ட வட்டமாகத் தெரிவது பாட்டில்களின் அடிப்பக்கம்தான். வங்கியை விட எனக்கு இந்த வீடுதான் பெரிது, ஏனென்றால் அந்த ஊரின் சாதாரண மனிதன் எப்படிப் பிழைத்தான் என்பது இதில்தான் இருக்கிறது. 1925-இல் பாரமவுண்ட் நிறுவனம் படப்பிடிப்புக்காக அதைப் பழுதுபார்த்தது, அதனால்தான் தப்பித்தது. மற்ற கட்டடங்கள் பலவற்றைப் பக்கத்து ஊரான பீட்டிக்கு அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பகுதியில் பீட்டியைப் பற்றியும் எழுதுங்கள்.