வரிக்கும் வரி

பில்லின்ர அடியைப் பார்த்தாலே பிறஷர் ஏறுது. வாகனம் திருத்துற கராச்சில வேலைக்கூலி 1000 ரூபா. முதல்ல 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு வரி, 1025 ஆச்சு. சரி, 18 வீத வற், அதுதான் பெறுமதி சேர் வரி, 1000க்குத்தானே? இல்லை ஐயா, அந்த 1025க்கு! 184 ரூபா 50 சதம். மொத்தம் 1209.50. வரி கட்டின காசுக்கும் வரி!

2019 டிசம்பரில இலங்கை அரசாங்கத்தார் 15 வீத வற்றை 8 ஆக்கிப்போட்டு வள்ளல் மாதிரி நிண்டவை. 2022 ஏப்ரலில வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாதெண்டு கையை விரிச்சினம். பிறகென்ன? ஜூனில 12, செப்டெம்பரில 15, 2024 ஜனவரியில 18. இடையில 2021இல இரசாயன உரத்தையும் நிப்பாட்டிப்போட்டினம். வலிகாமத்து வெங்காயத் தறைக்கு யூரியா இல்லாமல் போனதுக்கு ஆர் தண்டம் கட்டினது?

பதிவில்லாத சின்னக் கடையில வற் இல்லையெண்டு சந்தோஷப்படாதேங்கோ. கடைக்காரர் மொத்தக் கடையில கட்டின வற்றை அவருக்குத் திருப்பி எடுக்கேலாது, சவர்க்கார விலைக்குள்ள அது ஒளிச்சிருக்கு. பதிவே இல்லாமல் பில்லில வற் போடுற விண்ணர்களும் இருக்கினம். 7000இல முடியிற வற் இலக்கம் இருக்கோ பாருங்கோ. இல்லாட்டில் அது முதலாளியின்ர பொக்கற்றுக்குத்தான்.

ஆச்சிமாரின்ர நிலையான வைப்பு வட்டியையும் விட்டவையோ? 2025 ஏப்ரலில இருந்து வட்டியில பிடிக்கிற வரி 5 வீதத்தில இருந்து 10 ஆச்சு. வருமானம் வரி எல்லைக்குக் கீழ எண்டால், அதைப் பிடிக்காமல் விடப் படிவம் நிரப்பட்டாம். தடியூண்டிக்கொண்டு வரிசையில நிக்கட்டும், மத்தளை விமான நிலையத்தில அத்திபூத்தாப்போல வாற விமானத்துக்கு லைற் எரிய வேணுமெல்லோ!